இரும்பு நாடா

பசுந்தாங், யாங்கோன்
14 ஜனவரி 2024

ஸமீரா லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம், நான் சுகம், லேத் மெஷினுக்குத்தான் சுகமில்லை. உன் சுகத்தையும் ஷாநவாஸ் மச்சான் சுகத்தையும் எழுது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குப் புரிந்ததைத் திருப்பி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. பெர்த்தில் நீ ஒரு சங்கத்தில் சேர்ந்திருக்கிறாய். எண்ணூறு வருஷத்துக்கு முந்திய போரை வேஷம் கட்டி நடித்துக் காட்டுவது அவர்கள் பொழுதுபோக்கு. அதில் நீ சுல்தான் படையில் வில்லாளி. (எலியைப் பார்த்துக் கட்டில் மேல் ஏறி நின்றவள் நீ. அது இருக்கட்டும்.) எல்லாருக்கும் இரும்பு வளையம் கோத்த சட்டை வேண்டும். இணையத்தில் பார்த்து ஒன்று வாங்கினார்கள், தூக்கிய உடனே வளையமெல்லாம் வாய் பிளந்து கொட்டிவிட்டது. நான் ஒன்று செய்து அனுப்பினால் சங்கத்து உறுப்பினர் ஒருவர் செப்டம்பர் 7 விழாவில் அதை நாள் முழுக்கப் போட்டு, ஓடி, விழுந்து, அடி வாங்கிக் காட்ட வேண்டும். தாங்கினால் பன்னிரண்டு சட்டைக்கு ஆர்டர். அந்த உறுப்பினர் நீ.

செய்கிறேன். இன்சீன் ரயில் பட்டறை வேலையை டிசம்பரோடு விட்டுவிட்டேன். வீட்டுக்குக் கீழே மூடிக் கிடந்த அச்சகத்தில் பாதி இடம் எடுத்திருக்கிறேன். பன்னிரண்டு சட்டை வந்தால் பட்டறை நிற்கும். வராவிட்டால், இன்சீனில் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தாச்சு.

அந்தச் சட்டை ஏன் கொட்டியது என்றால், வளையத்தின் இரண்டு முனையையும் சும்மா ஒட்டவைத்திருக்கிறான். நான் முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, ஓட்டை போட்டு ரிவெட் ஆணி அடிப்பேன். ஒரு வளையம், அதற்குள் நாலு வளையம். மொத்தம் இருபதாயிரம் வரும். ஒன்பதரைக் கிலோ.

எனக்கு வேண்டியது உன் அளவு. உள்ளே போடும் பஞ்சு அங்கியோடு, மூச்சை இழுக்காமல், சென்டிமீட்டரில் எடு. சாண் கணக்கு, விரல் கணக்கு வேண்டாம். காகிதத்தில் எழுதி அனுப்பு. போன் லைன் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஆறு ஒன்பதாகிறது. உம்மாவுக்கோ போனில் காது கேட்பதே இல்லை.

உன் தம்பி
அஸ்கர்


பெர்த்
2 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி அஸ்கருக்கு,

உன் மேலும் உம்மா மேலும் சாந்தி உண்டாகட்டும். நாங்கள் இருவரும் நலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நீ புரிந்துகொண்டது எல்லாம் சரி, எலியைத் தவிர. அது எலி இல்லை, பெருச்சாளி.

சங்கத்தில் நான்தான் முக்காடு போட்ட ஒரே ஆள். முதல் நாள் பயந்துகொண்டே போனேன். தலைவி என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கு வேஷத்தில் எப்போதும் பிழை வருவது தலைத்துணியில்தான், உங்களுக்கு அது முன்னாலேயே சரியாக இருக்கிறது" என்றார். எட்டு வருஷத்தில் இந்த ஊரில் ஒருவர் என் துணியைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. உன் மச்சான் சிரிக்கிறார். "சம்பளமில்லாத சிப்பாய்" என்று பெயர் வைத்திருக்கிறார்.

அளவு: மார்பு 96, இடுப்பு 82, இடுப்புக்குக் கீழே 102, தோளிலிருந்து முழங்கால் 98. பஞ்சு அங்கியோடு எடுத்தது. நானே தைத்த அங்கி, பதினாறு அடுக்கு.

இதை நீ உம்மாவுக்குக் கத்திப் படித்துக் காட்டும்போது பக்கத்து வீட்டுப் பர்மியக்காரர் டோ சீன் மேவுக்கும் கேட்கும். முப்பது வருஷமாய் நம் சத்தத்தைக் கேட்டே தமிழ் கற்றவர். அவருக்கும் என் சலாம்.

அன்புடன்
லாத்தா ஸமீரா


பெர்த்
5 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

அல்லாஹ் உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வேலையில் மூழ்கியிருப்பாய். எனக்கும் உடம்பு கொஞ்சம் அசதியாக இருந்தது, இப்போது தேவலை. எண்ணெய் வாடைதான் ஆகவில்லை. சங்கத்தில் எல்லாரும் கவசத்துக்கு எண்ணெய் தேய்க்கும் நாளில் நான் வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அளவைத் திருத்திக்கொள். மார்பு 99, இடுப்பு 84. முதலில் எடுத்ததும் தப்பில்லை. இதுவும் தப்பில்லை. கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிடேன்.

உம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். துஆ செய்யச் சொல். எதற்கு என்று கேட்டால், சும்மாதான் என்று சொல்.

லாத்தா


பசுந்தாங்
28 ஏப்ரல் 2024

ஸமீரா லாத்தாவுக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் சுகம், வளையங்கள் சுகமில்லை. காரணம் கீழே.

பதில் எழுதவில்லை, வேலை இருந்தது. இப்போது ஒரு கேள்வி. "முதலில் எடுத்ததும் தப்பில்லை, இதுவும் தப்பில்லை" என்றால் என்ன அர்த்தம்? ஒரு பொருளுக்கு ஒரு அளவுதான். இரண்டு அளவு வந்தால் ஒன்று பொருள் மாறியிருக்க வேண்டும், இல்லை அளக்கும் கருவி கெட்டிருக்க வேண்டும். நீ தையற்காரி, துணி நாடா வைத்திருப்பாய். துணி நாடா இழுத்து இழுத்து நீண்டுபோகும். இந்த உறையில் இரும்பு நாடா வைத்திருக்கிறேன், ஜப்பான் சாமான், நான் இன்சீனில் பாவித்தது. இனிமேல் இதில் மட்டும் எடு.

போன வாரம் அதிசயமாக லைன் கிடைத்தது. வீடியோவைப் போடு என்றால் கேமரா கெட்டுப்போச்சு என்றாய். உன் வீட்டில் நாடாவும் கெட்டிருக்கிறது, கேமராவும் கெட்டிருக்கிறது. மச்சானாவது ஒழுங்காக ஓடுகிறாரா?

வளையம் கதைக்கு வருகிறேன். உதவிக்கு மஞ்சுளா அக்காவைச் சேர்த்திருக்கிறேன். இரண்டு பிள்ளைக்காரி, முன்னே நகைப் பட்டறையில் பற்றவைத்தவர். ஒரு நாளைக்கு நானூறு ரிவெட் அடிக்கிறார், நான் இருநூற்றைம்பதுதான். ஏப்ரலில் திங்ஜான் தண்ணீர் விழா வந்தது. ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போனேன். தெருப் பையன்கள் ஷட்டர் இடுக்கில் குழாயை விட்டு அடித்திருக்கிறார்கள், உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்து. உள்ளே இருந்தது ஆறாயிரம் வளையம். நாலு நாள் கழித்துத் திறந்தால் எல்லாம் செங்கல் நிறம்.

உம்மாவுக்குத் தெரிந்து, நான் இல்லாத நேரம் பார்த்துக் கீழே வந்து முழுவதற்கும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். துருவோடு எண்ணெயும் சேர்ந்து பாகு மாதிரி ஆகிவிட்டது. "உன் தலைக்குத் தடவினப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார். பிறகு ஒரு டின்னில் மணலையும் வளையத்தையும் போட்டு, லேத்தில் மாட்டி ஆறு மணி நேரம் உருட்டினேன். பளிச்சென்று வந்துவிட்டது. ஆறு மணி நேரக் கரண்டு வர மூன்று நாள் ஆனது.

துஆ கேட்டாய் என்று கத்திச் சொன்னேன். எதற்கு என்றார். சும்மா என்றேன். "சும்மா யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தெரியும்?

அளவை உடனே அனுப்பு. இரும்பு நாடாவில்.

அஸ்கர்


பெர்த்
26 மே 2024

என் அருமைத் தம்பிக்கு,

நீயும் உம்மாவும் மழைக்காலத்தில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். நான் நலம். அல்ஹம்துலில்லாஹ், நிஜமாகவே நலம்.

இரும்பு நாடா வந்தது. எடுத்தேன். சில்லென்று இருந்தது. மார்பு 101, இடுப்பு 90. உன் ஜப்பான் நாடாவும் அதையேதான் சொல்கிறது.

வில்லை இன்னொரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன், சும்மா கொஞ்ச நாளைக்கு. கோபப்படாதே. சட்டை வேலையை மட்டும் நிறுத்திவிடாதே. அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இதோடு இன்னொரு துண்டுக் காகிதம் இருக்கிறது. உம்மாவுக்கு அரபுத்தமிழில் எழுதியது. உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத்தான் வராது, ஓதும் பள்ளியில் படித்த அரபு எழுத்து நன்றாக வரும். அதை நீ படிக்காதே. எழுத்துக் கூட்டியும் பார்க்காதே. கத்தவும் வேண்டாம். கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடு.

லாத்தா


பசுந்தாங்
20 ஜூன் 2024

லாத்தாவுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம். ரொம்பவே சுகமாக இருக்கிறார்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை.

உன் கடிதம், தபால்காரர் தெருவில் நின்று பால்கனிக் கயிற்றுக் கிளிப்பில் மாட்டிவிட, மேலே வந்தது. துண்டுக் காகிதத்தை உம்மா கையில் கொடுத்தேன். கூட்டிப் பார்க்கவில்லை. முதல் வார்த்தை மட்டும் பார்த்தேன், "உம்மா" என்று இருந்தது. அவர் படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார், தொழுகைப் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். அஸர் நேரமும் இல்லை, மஃரிப் நேரமும் இல்லை. என்ன என்று கேட்டால், "உனக்கில்லை."

மறுநாள் மூன்று மாடி இறங்கிப் பட்டறைக்கே வந்து மஞ்சுளா அக்கா காதில் ரகசியம் சொன்னார். உம்மா ரகசியம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், கேட்காத காது தன் சத்தத்தையும் கேட்பதில்லை. தெருவில் போன சைக்கா ரிக்‌ஷாக்காரன் நின்று திரும்பிப் பார்த்தான். நான் மட்டும் லேத் ஓட்டிக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஆளாளுக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டோ சீன் மே ஒரு தட்டு நிறைய ஒட்டரிசிச் சோறும் எள்ளும் கொடுத்தார். நான் என்ன பரீட்சை பாஸ் பண்ணினேன்?

இப்போது உன் அளவு. நாடாமேல் பழி போட்டதற்கு மன்னிப்பு, அது சரியாகத்தான் இருக்கிறது. கட்டத்தாளில் புள்ளி வைத்தேன். பிப்ரவரி 82, ஏப்ரல் 84, மே 90. நேர்கோடு இல்லை, மேல்நோக்கி வளைகிறது. வளைவை நீட்டினால் செப்டம்பர் 7-இல் இடுப்பு 103, மார்பு 106. ஒவ்வொரு மாதமும் பிரித்துக் கோக்க என்னால் முடியாது. ஆகவே 103-க்கே செய்கிறேன், பாதிக்கு மேல் முடிந்தாச்சு. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வில்லையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்து தின்றால் ~~கொழுப்பு~~

22 ஜூன். மேலே இருப்பதைக் கிழித்துப்போடலாம் என்றுதான் நினைத்தேன். வேண்டாம், நான் எவ்வளவு முட்டாள் என்பதற்கு ஒரு பதிவு இருக்கட்டும்.

அந்தக் கட்டத்தாளைப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். மஞ்சுளா அக்கா ரிவெட் சுத்தியலை வைத்துவிட்டு அதன் முன்னால் வந்து நின்றார். "தம்பி, கோடு நல்லாத்தான் போட்டிருக்கீங்க. செப்டம்பரோட ஏன் நிறுத்திட்டீங்க? நவம்பர் வரைக்கும் ஏத்துங்க."

"நவம்பர்ல விழா இல்லையே அக்கா."

"உங்களுக்கு இல்ல. ஏத்துங்க. நவம்பர் மொத வாரத்துல டபக்குன்னு கீழ இறக்கிடுங்க."

"எதுக்கு இறங்கணும்?"

"எனக்கு ரெண்டு தடவ ஏறி ரெண்டு தடவ எறங்கிச்சு தம்பி. ஒண்ணு ஏழாங்கிளாஸ் படிக்குது."

எனக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆனது லாத்தா. லேத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ நாலு மாதம் எழுதவில்லை. அப்போது நான் என்ன எழுதினேன் தெரியுமா? "பேனா தொலைந்துவிட்டதா?" அதற்கு முந்திய வருஷமும் ஒரு முறை அப்படித்தான். அதை இப்போது சேர்த்துப் பார்க்கிறேன்.

நீ அந்தச் சட்டையைப் போடக் கூடாது. ஒன்பதரைக் கிலோ. விழாவும் வேண்டாம், ஆர்டரும் வேண்டாம்.

அஸ்கர்


பெர்த்
12 ஜூலை 2024

என் தம்பிக்கு,

உன் ஈமானையும் உன் முன்கோபத்தையும் அல்லாஹ் அப்படியே வைத்திருக்கட்டும். இரண்டும் எனக்கு வேண்டும்.

அடித்துவிட்ட வார்த்தையைச் சாளர வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தேன். உள்ளே இருப்பவரும் ஒரு உதை விட்டார்.

முதலிலேயே சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை. அந்த இரண்டு முறையும் இங்கே சீக்கிரமே எல்லாருக்கும் சொன்னோம். பிறகு ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சொல்லை நீ உம்மாவுக்குக் கத்திப் படித்துக் காட்டும்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். இன்னொன்று, நீ வேலையை விட்டது என் உடம்பை நம்பி. போட ஆள் இல்லை என்று தெரிந்தால் நீ சுத்தியலை வைத்துவிடுவாய். இதோ, வைத்துவிட்டாய்.

எடு சுத்தியலை. கேள்.

நேற்று உன் மச்சானை நிறுத்திவைத்து உன் இரும்பு நாடாவால் அளந்தேன். பஞ்சு அங்கி போட்டு, மூச்சை இழுக்காமல். மூச்சை இழுக்காதீர்கள் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மார்பு 107. இடுப்பு 103.

நூற்று மூன்று, அஸ்கர். எட்டு வருஷம் நான் ஆக்கிப் போட்டதற்கு இன்றுதான் பலன். செப்டம்பரில் நானும் அவரும் ஒரே அளவு.

சங்கத்தில் சேர்ந்துவிட்டார். சம்பளமில்லாத சிப்பாய் என்று என்னைச் சொன்னவர், பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். குதிரை வருமா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். குதிரைக்குப் பயம். உறுப்பினர் ஒருவர் போட வேண்டும் என்றுதான் விதி, வில்லாளியே போட வேண்டும் என்று இல்லை. தலைவியிடம் கேட்டுவிட்டேன்.

தோள் மட்டும் என்னைவிட நாலு விரல் அகலம். மன்னித்துக்கொள், எட்டு சென்டிமீட்டர். அதைச் செய்ய உனக்கு நேரம் இருக்கிறதா?

லாத்தா


பசுந்தாங்
17 ஆகஸ்ட் 2024

லாத்தாவுக்கும் மச்சானுக்கும்,

ஸலாம். சுகம். கையில் பதினாலு கொப்புளம், அதுவும் சுகம்.

சட்டை முடிந்தது. தோளில் இரண்டு பக்கமும் பதினொரு வரிசை சேர்த்தேன். கரண்டு இல்லாத நாளில் கையாலேயே அடித்தோம். கடைசி வளையத்தை உம்மா அடித்தார். ரிவெட் கோணலாகப் போயிருக்கிறது, இடது அக்குளுக்குக் கீழே இருக்கும். அதை மாற்றவில்லை.

எடுத்துவருபவர் நம் தெரு அய்யூப் காக்கா, அங்கே இருக்கும் மகனைப் பார்க்கப் பாங்காக் வழியாக வருகிறார். நானே கொண்டுவந்திருப்பேன். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் இந்த நேரத்தில் என் வயசு ஆம்பளைங்க விமானம் ஏறுவது இங்கே லேசில்லை. சுங்கத்தில் கேட்டால் "நாடக உடுப்பு, இரும்பு" என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். உம்மா சட்டைக்குள் ஒரு டப்பா நாப்பி மீன் விழுதை ஒளித்துவைத்திருந்தார், பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய்க்கு ருசியாக இருக்குமாம். அந்த நாட்டில் மீன் சாமானைக் கண்டால் பெட்டியையே பிடித்துவைப்பார்கள் என்று காக்கா எடுத்து வெளியே வைத்துவிட்டார். உம்மா அவரோடு பேசவில்லை.

மச்சான், இனி உங்களுக்கு. சட்டையை ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், சொந்த எடையிலேயே தோள் வளையம் இழுபடும். சுருட்டிப் பையில் வையுங்கள். போட்டதும் இடுப்பில் பெல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் இழுத்துவிடுங்கள், பாதி எடை இடுப்புக்குப் போய்விடும். கழற்றக் குனிந்து உதறினால் தானாகத் தலை வழியே வழுக்கி விழும், இழுக்காதீர்கள். வேர்வையில் உப்பு, உப்பில் துரு. கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காயெண்ணெய் யார் சொன்னாலும் வேண்டாம்.

லாத்தா, பை ஒன்பதரை இல்லை, தோள் சேர்த்ததில் பத்தேகால் கிலோ. நீ தூக்காதே. அழகு பார்க்கக்கூட ஒரு நிமிஷம் போடாதே. வேண்டுமானால் தொட்டுப் பார்.

அஸ்கர்


பெர்த்
10 செப்டம்பர் 2024

தம்பி அஸ்கருக்கும் உம்மாவுக்கும், மஞ்சுளா அக்காவுக்கும்,

எல்லார் மேலும் சாந்தி உண்டாகட்டும். இதைக் கத்தியே படி. மாடி முழுக்கக் கேட்கட்டும்.

காலை ஒன்பது மணிக்குப் போட்டார், மாலை நாலு மணிக்குக் கழற்றினார். நடுவில் இரண்டு முறை விழுந்தார். ஒரு முறை போரில், ஒரு முறை சாப்பிடப் போகும்போது கூடாரக் கயிறு தடுக்கி. மழுங்கிய கத்தியால் பதினைந்து அடி வாங்கினார், எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் எனக்குத்தான் வலித்தது. அவர் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு எழுந்தார். குதிரை தூரத்தில் நின்றது, அதோடு பேசிவிட்டுக்கூட வந்தார்.

பிறகு தலைவி சட்டையை மேசையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து வரிசை வரிசையாகப் பார்த்தார். இருபத்தோராயிரத்தில் வாய் திறந்தது மூன்று. மூன்றும் ஒரே இடத்தில், வலது தோளில். அதை எழுதிக்கொண்டார். பிறகு அக்குளில் அந்தக் கோணல் ரிவெட்டைக் கண்டு நின்றார். "இது வேறு கை" என்றார். என் உம்மா கை என்றேன். அதை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

பன்னிரண்டு இல்லை தம்பி. முதலில் நாலு. அந்தத் தோளைச் சரிசெய்து அனுப்பினால் மற்ற எட்டு. ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சட்டையைப் போடவில்லை. தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது.

லாத்தா


பசுந்தாங்
14 நவம்பர் 2024

லாத்தாவுக்கு,

ஸலாம். நாலில் இரண்டு சட்டை முடிந்தது. தோளில் மட்டும் கொஞ்சம் தடித்த கம்பி போட்டிருக்கிறேன், இனி திறக்காது. மஞ்சுளா அக்காவின் தங்கையும் வேலைக்கு வந்திருக்கிறாள்.

செப்டம்பருக்குப் பிறகு உன் கடிதம் இல்லை. எட்டு நாளாக இங்கே இணையம் இல்லை, போன் அடித்தால் பர்மிய மொழியில் ஒரு பெண் மன்னிப்புக் கேட்கிறாள். சுவரில் கோடு நவம்பர் 7-க்குப் போய் நிற்கிறது. மஞ்சுளா அக்கா ஒரு வாரம் முன்பின் ஆகும் என்கிறார். உம்மா பாயை மடிப்பதே இல்லை. நான் ஒன்றும் பயப்படவில்லை. இன்றைக்கு மூன்று ரிவெட் விரலில் அடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கோடு என்ன ஆச்சு? ஒரு வரி போதும்.

அஸ்கர்


பெர்த்
17 நவம்பர் 2024

அஸ்கருக்கு,

ஸலாம். அளவு அனுப்புகிறேன்.

உயரம் 49. தலை 34. மார்பு 33. எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். எடுத்த தேதி நவம்பர் 9, காலை பத்தேமுக்கால். அங்கி இல்லாமல் எடுத்தது. மூச்சை இழுக்காதே என்று சொன்னால் கேட்கவில்லை, கத்திக்கொண்டே இருந்தாள். சத்தத்தில் அப்படியே நம் வீடு.

இரும்பு நாடா சில்லென்று இருக்கும் என்று துணி நாடாவில் எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

பெயர் மிஸ்பா. நான் நலம்.

ஸமீரா


பசுந்தாங்
8 டிசம்பர் 2024

மிஸ்பாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். இந்த முறை சும்மா எழுதவில்லை, நிஜமாகவே சுகம்.

அளவுச் சீட்டு நேற்று கயிற்றில் மேலே வந்தது. கத்திப் படித்தேன். உயரம் நாற்பத்தொன்பது என்றதும் உம்மா எழுந்துவிட்டார். தலை முப்பத்து நாலு என்றதும் சுவருக்கு அந்தப் பக்கம் டோ சீன் மே கைதட்டினார். எடையை மறுபடி படிக்கச் சொல்லி இரண்டாம் மாடியிலிருந்து குரல் வந்தது. மறுபடி படித்தேன். பெயரை உம்மாவுக்கு நான் கத்தவில்லை. உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன், அரபு எழுத்தில். கூட்டி எழுத எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை.

நாலு சட்டையும் தயார். அடுத்த வாரம் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறேன்.

உன் மகள் அளவுக்கு இரும்பில் நான் எதுவும் செய்வதாக இல்லை. போட்டு முடிப்பதற்குள் பத்தாமல் போய்விடும். ஆனால் மாதம் ஒரு முறை அளந்து அனுப்பு. துணி நாடா போதும். ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும், நான் நாடாவைக் குறை சொல்ல மாட்டேன்.

பழைய கட்டத்தாளை எடுத்துவிட்டுச் சுவரில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறேன். முதல் புள்ளி வைத்தாச்சு, கீழ் ஓரத்தில். மேலே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

மிஸ்பாவின் மாமா
அஸ்கர்